சீனியம்மாள் பொடிக்கு ஒரு முகம்

ஜூலை 1, திங்கள்

இன்று முதல் எழுதுகிறேன். எழுத்தறிவு மையத்தில் கோமதி டீச்சர், "பரீட்சை முடிஞ்சுருச்சுன்னு நோட்டை மூடி வெச்சிராதீங்க. தெனமும் நாலு வரி எழுதுங்க, இல்லாட்டி கை மறந்துரும்" என்றார். நாலு வரி எழுதுவதற்குள் என் காப்பி ஆறிவிடுகிறது. ஆறினால் ஆறட்டும். எழுதின வரியைத் திரும்பப் படித்தால் அது அப்படியே இருக்கிறது. நான் சொன்னதையே எனக்குச் சொல்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் பெயர் குருவையா. ஊர் அருப்புக்கோட்டை. பருப்பு மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இப்போது என் மனைவி சீனியம்மாள் இட்லிப்பொடி அரைத்து விற்கிறாள். நான் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறேன், பாக்கெட் ஒட்டுகிறேன். மதுரையில் பெரிய கடைகள் வைத்திருக்கும் ஒருவர் பொடியை ருசி பார்த்துவிட்டு, தன் கடைகளில் வைக்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் லோகோ வேண்டுமாம். பாக்கெட்டில் சின்னதாக, கடைச் சுவரில் பெரியதாக, ஒரே லோகோ. அதுவும் ஆடி பிறப்பதற்குள் அச்சுக்குப் போய்விட வேண்டும். ஆடியில் அவர் புதிதாக எதையும் தொடங்க மாட்டார். ஆவணிவரை அந்த அடுக்கைக் காலியாகவும் வைத்திருக்க மாட்டார்.

பொடி விற்க வாங்கின உரிமம் என் பெயரில் இருக்கிறது. அதனால் அச்சுக்குப் போகிற மாதிரித் தாளில் நான்தான் சம்மதம் தர வேண்டும். கைநாட்டு இல்லை. கையெழுத்து.

எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு லோகோதான் எழுத்து. ஒட்டகம் போட்ட மூட்டை துவரை, மயில் போட்டது உளுந்து. அதனால் இந்தக் காரியத்தில் எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு என்று சீனியம்மாளிடம் சொன்னேன். "முதல்ல அந்த மிளகாயக் கிள்ளுங்க" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

முத்துச்சிப்பி ஸ்டுடியோவுக்குப் போனோம். நல்ல பொடி, நல்ல அப்பளம் எதை எடுத்தாலும் ஆரம்பித்தவரின் போட்டோ மேலே இருக்கும். அதனால் சீனியம்மாளின் போட்டோவையே லோகோவாக வைத்துவிடலாம் என்பது ஸ்டுடியோக்காரன் ஜெபராஜின் யோசனை. பெரியவர்களை 'அவர்' என்று எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஜெபராஜ் என்னைவிட இளையவன். அதனால் அவன்.

அவனுக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். தலைக்கு மை அடிக்கிறான். சட்டையில் சென்ட் வாசம். என்னை "அண்ணாச்சி" என்கிறான், அவளை "மதினி" என்கிறான். அண்ணாச்சி பெண்டாட்டி மதினிதானே, இதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். தப்பு என்று நான் எழுதவில்லை.

அவள் மஞ்சள் சேலை கட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாடியை நிமிர்த்த அவன் கையை நீட்டினான். நான் இருமினேன். கையை எடுத்துக்கொண்டு, குனிந்து அவளிடம் என்னவோ சொன்னான். மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். என் வீட்டில் அவள் வாயை மூடித்தான் சிரிப்பாள்.

வெளிச்சம் பட்டென்று அடித்தது. முடிந்தது.

ஜூலை 3, புதன்

பொடி அரைத்தோம். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். ஜெபராஜ் போன் செய்தான். அவள் எடுத்தாள்.

ஜூலை 4, வியாழன்

போட்டோ போனில் வந்துவிட்டது. அடுப்பில் உளுந்து வறுபடும்போதே அதை எடுத்துப் பார்க்கிறாள். கரண்டி ஒரு கையில், போன் ஒரு கையில். ஒரு ஈடு உளுந்து கருகிப்போனது. நாங்கள் பொடி தொடங்கின நாளிலிருந்து அவள் கையில் உளுந்து கருகி நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு அந்தாளு என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"எந்தாளு?"

"போட்டோக்காரன்."

"ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாததற்கு யாராவது சிரிப்பார்களா.

ஜூலை 6, சனி

இன்று சந்தோஷமான நாள். நிறைய எழுதப்போகிறேன்.

பள்ளிவாசல் தெருவில் ரஹ்மத் நிஷா என்று ஒரு பெண். கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன், கடைகளுக்கு லோகோ எல்லாம் செய்கிறாள். லோகோ சரியாக இருக்கிறதா என்று கேட்டு வரலாம் என்று போட்டோவோடு போனேன். சரியாக இல்லை என்று அவள் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டு போகவில்லை.

"தாத்தா, போட்டோ எல்லாம் புள்ளிதான். இதுக்கு ராஸ்டர்னு பேரு. இங்க பாருங்க" என்று பெரிதாக்கிக்கொண்டே போனாள். சீனியம்மாளின் முகம் திரையை நிறைத்தது. பிறகு வாய் மட்டும் தெரிந்தது. பிறகு பற்கள். பிறகு வெறும் சதுரங்கள், குளியலறைச் சுவரில் பதிக்கிற டைல்ஸ் மாதிரி. எனக்குப் பரம திருப்தி.

"இன்னும் பெருசாக்கு தாயி."

"போதும் தாத்தா, ஏற்கெனவே ஒண்ணும் தெரியல. பாக்கெட்ல நல்லாருக்கும். சொவத்துல பெருசாப் போட்டா இப்படித்தான் உடையும்."

"உடையாம இருக்க என்ன செய்யணும்?"

"வெக்டர்ல செய்யணும். அதுல புள்ளியே கிடையாது, கோடுதான். இங்கருந்து கெளம்பி இப்படி வளைஞ்சு அங்க போய்ச் சேருன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெப்போம். எத்தனை பெருசு கேட்டாலும் அது புதுசா வரைஞ்சு குடுத்துரும். லோகோவுக்கு அதுதான் சரி."

வெக்டர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வெக்டரில் போட்டோ கிடையாது. பல் கிடையாது. ஜெபராஜ் கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

சாப்பிடும்போது புள்ளியையும் கோட்டையும் சீனியம்மாளுக்கு விளக்கினேன். சோற்றுப் பருக்கைகளைத் தட்டில் பரப்பிக்கூடக் காட்டினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"போட்டோ நல்லாத்தான இருக்கு?"

"நல்லாருக்கு. ஆனா உடையும்."

"உங்களுக்கு நோவு புள்ளி மேலயா, ஜெபராஜ் மேலயா?"

"புள்ளி மேல."

"எனக்கு என் மூஞ்சி புடிச்சிருக்கு. இத்தனை வருசத்துல மொத தடவையா புடிச்சிருக்கு. அதைத்தான் வெக்கணும்."

பருக்கைகளைத் திரும்பச் சேர்த்துச் சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

ஜெபராஜ் வீட்டுக்கே வந்துவிட்டான். உடையும் என்று நான் சொன்னதை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, நம்மகிட்ட உடையாது. சொவரு சைசுல ஒரு ப்ளெக்ஸ் அடிச்சு உங்க வீட்டு முன்னாடியே கட்டுறேன். நீங்களே பாத்துட்டு சொல்லுங்க. என் செலவு."

அவனுக்கு இட்லி வைத்தாள். பொடியில் குழி செய்து நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தாள். எனக்கு எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சரிதான். ஆனாலும் அந்தக் குழி நிரம்பி வழிந்தது.

"சீனின்னு பேரு, கையில இம்புட்டுக் காரம்" என்றான். இந்தப் பேச்சை ஊரில் எல்லோரும் பேசியாகிவிட்டது. அவள் முதல்முறை கேட்பதுபோல் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

ஜூலை 11, வியாழன்

இன்று எழுத்து கோணலாக வரும்.

விடியும் முன்பே இருட்டோடு பால் வாங்கப் போனேன். டீக்கடையில் பேசிவிட்டு நன்றாக விடிந்த பிறகு திரும்பினால் எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். கீழத்தெருப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வருகிறார்கள். சாமியானாக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்குகிறார். யாரோ என் தோளைப் பிடித்து, "தைரியமா இருங்க அண்ணாச்சி" என்றார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். வீட்டு முகப்பை மறைத்து ஒரு பெரிய ப்ளெக்ஸ். நீல வானம், வெள்ளை மேகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மஞ்சள் சேலையில் என் சீனியம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கீழே எழுத்து. எனக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். சீ. னி. ய. ம். மா. ள். அந்தப் பெயரைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அப்போது ஒரு முறை நினைத்தேன்.

பால் பாத்திரம் கீழே விழுந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனேன். போகப் போக முகம் இல்லாமல் போனது. கண் இருந்த இடத்தில் கறுப்புச் சதுரம், கன்னத்தில் பழுப்புச் சதுரங்கள். துணியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். அவள் அதில் இல்லை.

அதற்குள் கீழத்தெரு மாரியக்கா ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். "சீனியே, சக்கரையே, செவந்த மொளகாத் தோட்டமே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து சீனியம்மாள் கையில் கரண்டியோடு ப்ளெக்ஸை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மிளகாய் வறுத்த நெடியில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாருக்கு மாரியக்கா?" என்றாள்.

மாரியக்கா அடித்த கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உனக்குத்தாண்டி" என்றாள்.

நடந்தது இதுதான். ஜெபராஜ் போட்டோவை வெளியூர் அச்சகத்துக்குப் போனில் அனுப்பியிருக்கிறான். அங்கே வருவதில் முக்கால்வாசி இரங்கல் போர்டு. வயதான பெண், மஞ்சள் சேலை, கீழே வெறும் பெயர். அவர்கள் வழக்கமான வானத்தையும் விளக்கையும் வைத்து அடித்துவிட்டார்கள். கட்ட வந்த ஆளும் வழக்கம்போல் விடிவதற்குள் சத்தமில்லாமல் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

வந்தவர்கள் எல்லோருக்கும் சீனியம்மாள் வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். "நான் போனா யாரு யாரு வருவீகன்னு தெரிஞ்சுபோச்சு. மேலத்தெருக்காரிக ஒருத்தியும் வரல, அதையும் பாத்துக்கிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படியில் போய் அவள் பின்னால் நின்றுகொண்டேன். "என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

ராஸ்டர் உடையும் என்று நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஜூலை 12, வெள்ளி

ஜெபராஜ் பழத்தட்டோடு வந்து மன்னிப்புக் கேட்டான். "போன்ல அனுப்புனதுல போட்டோ சுருங்கிருச்சு மதினி. ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. ஆனா இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். அண்ணாச்சி சொன்ன கோடே நல்லது."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "செத்தும் சிரிச்ச மொகமாத்தான் இருந்தேன், அதச் சொல்லணும்" என்று சொல்லிச் சிரித்தாள். பல் தெரிந்தது.

என்னைக் கைம்பெண்டாட்டி ஆக்கப் பார்த்தவனிடம் இவ்வளவு சிரிப்பு. ஆணுக்கு அந்தச் சொல்லைப் போடலாமா என்று தெரியவில்லை. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 13, சனி

வெக்டர் என்று முடிவாகிவிட்டது. சீனியம்மாளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோடாக இருந்தாலும் அது தன் முகமாகத்தான் இருக்க வேண்டும்.

நிஷாவிடம் போனோம். பார்த்து வரைய அவளுக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். இது எனக்குத் தோன்றவே இல்லை. வாக்காளர் அட்டையைக் கொடுத்தேன்.

"தாத்தா, இதுல பாட்டி யாரையோ வெட்டப்போற மாதிரி இருக்காங்க."

எங்கள் கல்யாண போட்டோவைக் கொடுத்தேன். அதில் அவள் தலை குனிந்திருக்கிறாள், வகிடுதான் தெரிகிறது. ஒரு காதுகுத்து வீட்டில் எடுத்த படத்தில் அவளுக்கு முன்னால் என் முழங்கை இருக்கிறது.

"அந்த மஞ்சள் சேலைப் படம் இருக்கே, அதுதான் நல்லாருக்கு" என்றாள் நிஷா.

"அது வேணாம்" என்றேன்.

"ஏன்?" என்று கேட்டது நிஷா இல்லை.

"அது ராஸ்டர்."

"பாத்து வரையத்தான தாத்தா, ராஸ்டரா இருந்தா என்ன?"

அந்தப் படத்திலிருந்து வரைந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கையெழுத்து என்னுடையது.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து அவள் பேசவில்லை. மிளகாயை அவளே கிள்ளிக்கொண்டாள். மத்தியானம் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை ஆடி பொறக்குது. ஊருக்கே ரோசம் காட்டிட்டீக. இப்ப சொல்லுங்க, அவரு என்ன சொன்னாருன்னு தெரியணும், அம்புட்டுத்தான?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'அழகா இருக்கீங்க மதினி'ன்னாரு. வர்ற ஆளுக எல்லாத்துக்கும் சொல்றதுதான், அது அவரு தொழிலு. எனக்கும் தெரியும். ஆனா எனக்கு அது வரைக்கும் யாரும் சொன்னதில்ல. சிரிப்பு வந்துருச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?"

யாரும் என்றால் நானும்தான். மோர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் நானும் அதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். அவள் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சீனி" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "தண்ணி தீந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

ஸ்டுடியோவுக்கு நானே போனேன். ஒரிஜினல் போட்டோவைக் கேட்டேன். உடனே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். வாசல்வரை வந்தவன் திரும்பிப் போய்க் கேட்டேன்.

"எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவியா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எல்லாருக்கும் அதான் அண்ணாச்சி. சில பேருக்குச் சொல்றப்ப பொய் சொல்ல வேண்டியிருக்காது."

அடித்திருக்கலாம். பென்டிரைவ் கையில் இருந்ததால் வந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

நிஷா காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நெற்றிக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கோடு, மூக்குத்திக்கு ஒரு வட்டம். கோடுகள் சேரச் சேர, யாரோ ஒரு பெண் வந்தாள். கொஞ்ச நேரத்தில் அது சீனியம்மாள் ஆகிவிட்டது. கடைசியில் வாய். பல் இல்லை. ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது.

"இதை மாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"எது வேணும்னாலும் மாத்தலாம். இந்தக் கோட்டு முனையில ஒரு பிடி இருக்கு பாருங்க. மவுஸ இப்படிப் பிடிச்சு இழுத்தா வளைவு மாறும். நீங்களே செஞ்சு பாருங்க தாத்தா, நான் லுஹர் தொழுதுட்டு வந்துர்றேன்."

உள்ளே போய்விட்டாள். மவுஸ் என் உள்ளங்கையில் மிளகாய் வற்றல் மாதிரிச் சின்னதாக இருந்தது. அந்தப் பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். சிரிப்பு போய்விட்டது. வீட்டில் இருக்கிற சீனியம்மாள் வந்துவிட்டாள். உளுந்து வறுக்கிறவள், அம்மி கழுவுகிறவள், சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்கிறவள். ஜெபராஜ் சொன்னது எதுவும் அவள் முகத்தில் இல்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுவிடலாம். நிஷாவுக்குக்கூடத் தெரியாது.

அவளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்குத்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிடியை மேலே இழுத்தேன். முன்பு எவ்வளவு இருந்தது என்று சரியாகத் தெரியவில்லை. திரும்பக் கொண்டுவர நிஷா இல்லை. அதனால் நானாகவே வைத்தேன். கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம். வலது ஓரத்தில் கை நடுங்கி அதிகமாகப் போய்விட்டது. சரி செய்யலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நிஷா வந்து பார்த்து, "மாத்துனீங்களா?" என்றாள். "சும்மா பாத்தேன்" என்றேன்.

மாதிரித் தாளை எடுத்துக் கொடுத்தாள். கு-ரு-வை-யா என்று நிதானமாகப் போட்டேன். மை காயும்வரை ஊதினேன். ஆடிக்கு முன்னால் அச்சுக்குப் போய்விட்டது.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் ஊற்றினார்கள். அவள் பேசுகிறாள். "கால நீட்டாதீக, கோலம் அழியுது" என்பது மாதிரி.

ஜூலை 26, வெள்ளி

பாக்கெட் வந்துவிட்டது. கடைச் சுவருக்கு அடித்த பெரிய லோகோவின் படத்தையும் மதுரையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் அவள் மூக்குத்தி உயரம்தான் இருக்கிறான். ஒரு கோடுகூட உடையவில்லை. மதுரையில் எத்தனை ஆண்பிள்ளைகள் கடைக்கு வந்து இதை நின்று பார்ப்பார்களோ தெரியவில்லை. அதை யோசித்தால் சோறு இறங்காது, அதனால் யோசிக்கவில்லை.

சீனியம்மாள் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது அந்தப் போட்டோல இருக்க மாதிரி இல்லையே. வாய் ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு."

"வெக்டர்ல அப்படித்தான் வரும்" என்றேன்.

"நிஷா இப்படி வரைய மாட்டா." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரு இழுத்தது?"

நான் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து போய் ஆணியில் தொங்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பாக்கெட்டைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அதேபோல் வருகிறதா என்று வாயை மெதுவாக விரித்தாள். வலது ஓரம் மட்டும் ஏறவில்லை. திரும்ப முயற்சி செய்தாள். அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

"இன்னுங் கொஞ்சம்" என்றேன்.

ஏற்றினாள்.